கடைசி ஊர், சுடும் நகரம், ஒரு நாள் ஓய்வு: சைக்கிள் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல நாள் சைக்கிள் பயணம் ஒரு பெரிய நகரத்தில் முடிகிறது. ஊர் திரும்ப விமானமோ ரயிலோ அடுத்த நாள் இரவு. வழித்தடம், ஏற்றம், தங்குமிடம் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருப்பவர்கள்கூட நடுவில் இருக்கும் அந்த ஒரு நாளுக்குத் திட்டம் வைத்திருப்பதில்லை. வெயில் 38, 40 டிகிரியைத் தொடும் நகரமாக இருந்தால், அந்த நாளே பயணத்தின் கஷ்டமான நாளாகிவிடும். பயணம் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான்: ஓட்டம் முடிந்தாலும் உடம்புக்குப் பயணம் முடிய இன்னும் ஒரு நாள் ஆகும். அந்த நாளை அதற்கே விட்டுவிட வேண்டும்.

ஓட்டி முடித்த அன்றே கிளம்பிவிட்டால் என்ன? ஒரு நாள் அவசியமா?

அவசியம் என்றுதான் சொல்வேன். அன்று மாலையே விமானம் என்றால், கடைசி நாள் ஓட்டம் முழுவதும் கடிகாரத்தோடு நடக்கும் போட்டியாகிவிடும். வெயில் ஏறுவதற்குள் ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள் நேரம் போகிறதே என்று நடுப்பகலில் மிதிப்பார்கள். பஞ்சர் ஆனால் பதற்றம். நகர எல்லைக்குள் நுழையும்போது போக்குவரத்து நெரிசலில் கவனம் சிதறும். பயணத்திலேயே விபத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள நேரம் இந்தக் கடைசி 20, 30 கிலோமீட்டர்தான் என்பது என் எண்ணம். வழக்கத்துக்கு மாறான உழைப்பால் வரும் தசைவலி உழைத்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். தசைகளில் தீர்ந்துபோன கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த மாவுச்சத்து, நன்றாகச் சாப்பிட்டாலும் நிரம்பக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகும்.

இன்னொரு காரணமும் உண்டு. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆரோக்கியமானவர்களுக்கு அந்த வாய்ப்பு அடிப்படையில் மிகக் குறைவு. ஆனாலும் நீர் வற்றிய உடம்போடு நேராக விமான இருக்கையில் போய் உட்காருவதைவிட, ஒரு நாள் குடித்து, தூங்கி, நடந்துவிட்டு உட்காருவது நல்லது.

பந்தய வீரர்களும் ஓய்வு நாள் எடுக்கிறார்களே, அவர்களைப் போலச் செய்யலாமா?

டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சைக்கிள் பந்தயம் 1903இல் முதல் முறை நடந்தபோது மொத்தமே 6 கட்டங்கள்தான், 19 நாட்களில் முடிந்தது. கட்டங்கள் மிக நீளம், இரவெல்லாம் ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் நடுவில் ஓய்வு தாராளமாகக் கிடைத்தது. இப்போது 3 வாரங்களில் 21 கட்டங்கள், வழக்கமாக இரண்டு ஓய்வு நாட்கள். அந்த நாட்களிலும் வீரர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாக ஓட்டுவார்கள். அடுத்த நாள் மறுபடி முழு வேகத்தில் ஓட வேண்டியிருப்பதால் உடம்பை முழுவதும் ஆற விடாமல் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அடுத்த நாள் கட்டம் எதுவும் இல்லை. எனவே அந்தப் பழக்கத்தைக் காப்பியடிக்கத் தேவையில்லை.

அத்தனை நாள் வெயிலில் ஓட்டினேன், தாங்கியது. இப்போது சும்மா நிற்கும்போது ஏன் தாங்கவில்லை?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். பலர் தனக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதுமாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் அது ஆவியாக வேண்டும், வழிந்து ஓடினால் பயனில்லை. ஆவியாக்குவது காற்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், காற்றே வீசாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று உங்கள் மேல் படுகிறது. சிக்னலில் நின்றதும் தலையிலிருந்து வியர்வை கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வியர்க்கத் தொடங்கியதால் அல்ல, அதுவரை ஆவியாகிக்கொண்டிருந்தது நின்றுபோனதால் அப்படி.

நகரத்தில் நடக்கும்போது அந்தக் காற்று இல்லை. மேலே வெயில், கீழே சூடேறிய தார், பக்கத்தில் சூடேறிய சுவர். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பல நாள் வெயிலில் உழைத்த உடம்பு பழகியிருக்கும்: சீக்கிரம் வியர்க்கும், நிறைய வியர்க்கும். ஓட்டத்தில் உதவிய அதே பழக்கம், காற்றில்லாத தெருவில் உங்களைத் தொப்பலாக நனைத்துவிடும். கூடவே, தோலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் வெப்பத்தில் அதிகமாக இருக்கும். மிதிக்கும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. இப்போது வரிசையில் அசையாமல் நிற்கிறீர்கள், ரத்தம் காலில் தேங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது. அப்படி ஆனால் உடனே உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள்.

எந்த நேரத்தில் வெளியே போகலாம்?

விடியற்காலை. இதற்கு இணையான நேரம் வேறு இல்லை. தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் நண்பகலை ஒட்டி உச்சத்தில் இருக்கும். காற்றின் வெப்பம் அதற்குப் பிறகும் ஏறி, பெரும்பாலும் மாலை 3 முதல் 5 மணிக்குள்தான் உச்சத்தைத் தொடும். ‘உச்சி வெயில் தாழ்ந்துவிட்டது, கிளம்பலாம்’ என்று 3 மணிக்குப் புறப்படுகிறவர்கள் சரியாக அதற்குள்தான் போய் மாட்டுகிறார்கள்.

சூரியன் மறைந்ததும் கிராமப்புறம் போல நகரம் ஆறிவிடாது. கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் மெதுவாக விடும். நகரம் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதையும், அந்த வித்தியாசம் இரவில் அதிகம் தெரிவதையும் லண்டனில் வானிலையை ஆராய்ந்த லூக் ஹோவார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதிவிட்டார். மலையிலும் வயல்வெளியிலும் இரவுக் குளிரில் டென்டில் தூங்கிப் பழகியவர்களுக்கு நகரத்தின் முதல் இரவு தூக்கமே வராததற்கு இது ஒரு காரணம்.

ஏசி அறைக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமா? உடம்பு கெட்டுவிடாதா?

பயணம் முழுக்கச் சிக்கனமாக இருந்தாலும் இந்த ஓர் இரவுக்குச் செலவு செய்யுங்கள். தூக்கம் பிடிக்க உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும், வெந்துகொண்டிருக்கும் அறையில் அது இறங்காது. வெயிலுக்குப் பழகிய உடம்பு ஓர் இரவு ஏசியால் அந்தப் பழக்கத்தை இழந்துவிடாது. ஆனால் எலும்பு நடுங்கும் அளவுக்குக் குறைத்து வைக்காதீர்கள், வெளியே போய் வரும்போதெல்லாம் அந்த வித்தியாசம்தான் ஆளை அடிக்கும். 25, 26 டிகிரி போதும்.

ஏசி கிடைக்காத இடம் என்றால் மின்விசிறி உதவும். அறையின் வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் விசிறி பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் அது சூடான காற்றை உடம்பின் மேல் வீசுகிறது, அவ்வளவுதான். பகலில் வெயில் படும் பக்கத்து ஜன்னலையும் திரையையும் மூடி வையுங்கள், இரவில் திறந்து விடுங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு விசிறிக்கு நேராகப் படுப்பதும், முன்கைகளைக் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் வைத்திருப்பதும் நன்றாகவே வேலை செய்யும்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

லிட்டர் கணக்கில் ஒரே எண்ணைச் சொல்ல நான் தயாராக இல்லை. உடம்பு, ஊரின் ஈரப்பதம், நீங்கள் நடக்கும் நேரம் எல்லாம் அதை மாற்றும். தாகம் எடுக்கும்போது குடியுங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக, குறைவாகப் போனால் இன்னும் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் போலத் தெளிவாக அடிக்கடி போனால் நிறுத்தி நிதானமாகக் குடியுங்கள்.

ஓய்வு நாளில் நடக்கும் ஒரு தவறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பல நாள் வியர்வையில் உப்பு போயிருக்கிறது. சட்டையிலும் தொப்பிப் பட்டையிலும் படிந்த வெள்ளைக் கோடுகள் அதற்குச் சாட்சி. இந்த நிலையில் ‘இழந்ததை ஈடுகட்டுகிறேன்’ என்று வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போவதை மருத்துவர்கள் ஹைப்போநேட்ரீமியா என்பார்கள். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அது தொடங்கும். பார்ப்பவர்கள் நீர் வற்றியதாக நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். அதனால் தண்ணீரோடு சாப்பாடும் வேண்டும். உப்பு போட்டுச் சமைத்த சாப்பாடு வயிறாரச் சாப்பிட்டாலே பெரும்பாலும் போதும்.

ஓஆர்எஸ் கரைசல் ஓய்வு நாளிலும் தேவையா?

வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தால் கட்டாயம் தேவை. அதற்காகவே உருவானது அது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல். சர்க்கரை இருப்பதால்தான் குடல் உப்பையும் நீரையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், பாதி பாட்டிலில் கரைத்துக் கெட்டியாகக் குடிக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம்.

சும்மா களைப்புக்கு நாளெல்லாம் குடிக்க வேண்டியதில்லை. வந்து சேர்ந்த அன்று மாலை ஒரு பாட்டில் குடித்தால் போதும்.

பசி அடங்கவே இல்லை. அதோடு எடையும் கூடியிருக்கிறது. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. தசைகள் காலியான சேமிப்பை நிரப்புகின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்து தங்கும், எடை கூடுவதற்குப் பெரும்பங்கு அதுதான். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழம் என்று மாவுச்சத்து தாராளமாக இருக்கட்டும். ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் புரதமும் சேரட்டும். இந்த நாளில் உணவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: மறுநாள் நீண்ட பயணம் இருக்கிறது, வெயில் நகரத்தில் சமைத்து வைத்த உணவு சீக்கிரம் கெடும். சூடாக, கண்முன்னே சமைத்ததைச் சாப்பிடுங்கள். புதிய சுவைகளைத் தேடிப் பார்க்கும் ஆசையை இந்த ஒரு நாள் கொஞ்சம் அடக்கி வைக்கலாம்.

மதுவைப் பற்றியும் கேட்கிறார்கள். கொண்டாட்டம் என்று வந்து சேர்ந்த இரவே குடிப்பவர்கள் உண்டு. மது சிறுநீரை அதிகமாக்கும், தூக்கத்தை உடைக்கும். இரண்டுமே இந்த நாளுக்கு வேண்டாதவை.

கணுக்காலும் பாதமும் வீங்கியிருக்கின்றன, செருப்பு போட முடியவில்லை.

வெப்பத்தில் ரத்தக் குழாய்கள் விரிவதாலும், பல நாள் உழைப்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருப்பதாலும் இது வரும். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, அழுத்தினால் பெரிதாக வலிக்காமல் இருந்தால், காலை உயர்த்திப் படுத்து, நடுநடுவே நடந்தால் ஓரிரு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்திருக்கின்றன. உட்காரும் இடத்தில் புண் வேறு.

ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் ஓரத்தை நாள்கணக்கில் அழுத்தி வைத்திருந்தால் அங்கே போகும் அல்நார் நரம்பு நசுங்கும். சுண்டு விரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்துப்போவது அதனால்தான். பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாகச் சரியாகும். பிடியில் வலு குறைந்து, சாவி திருப்பவே சிரமமாக இருந்தால் காட்டிக்கொள்ள வேண்டும். சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது ஸ்க்ரூவைத் திருப்பியே அந்தக் கையைச் சோர்வாக்காமல், கூட இருப்பவரிடம் உதவி கேளுங்கள்.

புண்ணுக்கு மருந்து காற்றும் உலர்வும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை வந்த அன்றே கழற்றித் துவைத்துவிடுங்கள். மிதமான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்தி உடையில் இருங்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள். வேர்க்குருவுக்கும் இதே வழிதான், கெட்டியான எண்ணெயும் களிம்பும் துளைகளை இன்னும் அடைக்கும்.

முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வந்து சேர்ந்த அன்று, இன்னும் சரியாகக் குடிக்காத நிலையில், அவற்றைத் தவிர்ப்பது நல்லது. பனிக்கட்டி ஒத்தடமும் ஓய்வும் பல வலிகளுக்குப் போதும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் வெயில் நகரத்தில் அளவை என்ன செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

எப்போது உண்மையிலேயே பயப்பட வேண்டும்?

தலைவலி, குமட்டல், நிறைய வியர்வை, தளர்ச்சி இருந்து, ஆள் தெளிவாகப் பேசினால் அது வெப்பச் சோர்வு. நிழலுக்கோ ஏசிக்கோ கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, தண்ணீர் தெளித்து விசிறி, மெதுவாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவ உதவி வேண்டும்.

பேச்சு குளறுகிறது, இடம் தெரியவில்லை, நடை தள்ளாடுகிறது, மயங்குகிறார் என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்கும் என்று படித்திருப்பீர்கள், ஆனால் உழைத்த உடம்பில் வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் இது வரும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்குங்கள். தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க முடிந்தால் அதுவே சிறந்தது. தலை நீரில் மூழ்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

கடும் காப்பி நிறத்தில் சிறுநீர் போனால், அதோடு தசைகள் தொட முடியாமல் வலித்தால், தசை சிதைந்து அதன் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும் நிலையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை.

ஓட்டிய மொத்தத் தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைகிறது. ஓய்வு நாள் காலையில் ஒரு சுற்று ஓட்டி முடித்துவிடலாமா?

வேண்டாம். அந்த எண் யாருக்கும் தேவைப்படாது, உங்களுக்கும் ஒரு மாதத்தில் மறந்துபோகும். கால் இறுக்கம் தளர வேண்டும் என்றால் விடியலில் அரை மணி நேரம் பையில்லாத சைக்கிளில், பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில் போய் வாருங்கள். நடந்தாலும் அதே பலன்தான்.

சைக்கிளை எப்போது பெட்டியில் கட்டுவது?

ஓய்வு நாள் காலையில். இதை மாலைக்கோ, கிளம்பும் நேரத்துக்கோ வைக்காதீர்கள். வெயிலில் வியர்த்துக்கொண்டு கட்டினால் ஏதாவது ஒரு போல்ட் தொலையும்.

முந்தின நாள் நகரத்துக்குள் வரும்போதே ஒரு சைக்கிள் கடையில் பழைய அட்டைப்பெட்டி சொல்லி வையுங்கள். கடைகளில் புது சைக்கிள் வந்த பெட்டிகளைக் குப்பைக்குத்தான் போடுவார்கள், கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கட்டுவதற்கு முன் ஈரத்துணியால் சட்டகம் முழுக்கத் துடைக்க வேண்டும். இது அழகுக்காக இல்லை. பல நாள் வியர்வை சொட்டிய உப்பு ஹேண்டில்பார் நாடாவுக்கு அடியிலும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளிலும் உட்கார்ந்திருக்கும், மாதக்கணக்கில் அலுமினியத்தை அரிக்கும்.

பெடல் கழற்றும்போது இடது பெடலின் புரி தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஸ்பேனரைப் பின்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் கழலும். சீட் கம்பியின் உயரத்தை ஒரு நாடா ஒட்டிக் குறித்துக்கொண்டு இறக்குங்கள். பின் டிரெயிலியர், அதாவது செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் தள்ளும் கை, பெட்டிப் பயணத்தில் அதிகம் வளையும் உறுப்பு. அதைக் கொக்கியிலிருந்து கழற்றி, துணி சுற்றி, சட்டகத்தின் உள்பக்கம் கட்டிவிடுங்கள். முன்சக்கரம் எடுத்த ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவில் ஒரு தாங்கு கட்டை வேண்டும், இல்லாவிட்டால் மேலே எடை விழும்போது நசுங்கும். டிஸ்க் பிரேக் என்றால் பட்டைகளுக்கு நடுவே அட்டைத் துண்டு செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது தெரியாமல் பிரேக்கை அழுத்தினால் பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். கழற்றிய எல்லா போல்ட்டையும் அதனதன் ஓட்டையிலேயே மீண்டும் லேசாக மாட்டி வைப்பது நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள பழக்கம்.

செயினையும் அப்போதே அளந்துவிடலாம். 12 இணைப்பு, அதாவது 24 கண்ணிகள், புதிதில் 304.8 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் ஊருக்குப் போனதும் மாற்றிவிடுங்கள்.

விமானத்தில் டயர் வெடிக்குமா? காற்றை முழுக்க இறக்க வேண்டுமா?

சரக்கு அறையிலும் காற்றழுத்தம் இருக்கிறது, ஏறக்குறைய 2400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல. அதனால் டயருக்குக் கூடும் அழுத்தம் சுமார் 0.25 பார் (பார் என்பது காற்றழுத்தத்தின் அலகு) மட்டுமே. நல்ல டயர் அதற்கு வெடிக்காது. ஆனாலும் பல விமான நிறுவனங்கள் இறக்கச் சொல்வதால் பாதிக்கு மேல் இறக்கி, ரிம்மைக் காக்கும் அளவுக்குக் கொஞ்சம் விட்டு வையுங்கள்.

வெயிலில் நிற்பதுதான் பெரிய ஆபத்து. 20 டிகிரியில் 5 பார் அடித்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் 5.8 பாரை நெருங்கும். மூடிய காருக்குள்ளோ, மொட்டை மாடியிலோ சைக்கிளை விடாதீர்கள்.

பெட்டியில் எவை போகக் கூடாது?

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டவை பொதுவாகப் பிரச்சினையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மின்சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை, பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பி கூடவே கூடாது. மீதமிருந்தால் தங்குமிடத்தில் யாருக்காவது கொடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சிறு கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள் டயர், ஷூ, டென்ட் ஆணி எல்லாவற்றிலும் மண் போகக் கழுவி, உள்ளே நுழையும்போது அறிவிக்க வேண்டும். டென்டை நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், நாளெல்லாம் வெயிலில் விரித்தால் நைலான் வலு இழக்கும்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு நகரத்தைப் பார்க்காமலா போவது?

பாருங்கள், ஆனால் ஒரே ஓர் இடம். காலையில் பெட்டி கட்டியாயிற்று, மதியம் தூங்கியாயிற்று, அப்புறம் வெயில் இறங்கியதும் ஓர் இடத்துக்குப் போய் நிதானமாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பட்டியல் போட்டு நகரத்தை முடிக்கப் பார்த்தால் ஓய்வும் கிடைக்காது, நகரமும் மனதில் நிற்காது. மதியம் வெளியே இருந்தே ஆக வேண்டும் என்றால் அருங்காட்சியகம், நூலகம் போலக் குளிர்ந்த, உட்கார இடமுள்ள கட்டடம் தேடுங்கள்.

கூட வந்தவரோடு இன்றைக்குத்தான் சண்டை வந்தது. மனதும் காலியாக இருக்கிறது.

அது எனக்கு மிகவும் புரிகிறது. நாள்தோறும் காலையில் எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது, இன்று அது இல்லை. தூக்கக் குறையும் வெப்பமும் எரிச்சலைக் கூட்டும். இந்த நாளில் பணக் கணக்கு தீர்க்காதீர்கள், யார் மெதுவாக ஓட்டியது என்று பேசாதீர்கள். பகலில் ஆளுக்கொரு பக்கம் தனியாக இருந்துவிட்டு இரவு உணவுக்குச் சேருங்கள். வழியில் உதவியவர்களின் முகமும் இடங்களும் நினைவில் இருக்கும்போதே எழுதி வைப்பது இந்த நாளின் மதியத்துக்கு மிகப் பொருத்தமான வேலை.

மலேரியா தடுப்பு மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாமா?

கூடாது. டாக்ஸிசைக்ளின் எடுத்தால் மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். டாக்ஸிசைக்ளின் தோலை வெயிலில் எளிதில் புண்ணாக்கும் என்பதால் நகரத்தில் நடக்கும்போதும் முழுக்கைச் சட்டை போடுங்கள். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், எங்கே பயணம் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஊருக்குப் போனதும் எப்போது மறுபடி ஓட்டலாம்?

மிதிக்க ஆசை வரும்போது. பலருக்கு ஒரு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். வெயிலுக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் இழந்துவிடும், எனவே இடைவெளிக்குப் பிறகு மறுபடி வெயிலில் இறங்கினால் முதல் சில நாட்கள் குறைவாக ஓட்டுங்கள். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிய சைக்கிளை முதலில் வீட்டைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டி, ஸ்டெம், பெடல், சக்கர அச்சு, பிரேக் நான்கையும் மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும்.